ஒடெத் பார்த்தது

மருந்துக்கடையின் ஷட்டரை யாரோ உள்ளங்கையால் படபடவென்று அறைந்தார்கள். அலமாரியில் இருந்த இருமல் மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"ஒடெத்! திற! நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். கார் வாசல்ல நிக்குது!"

அண்ணன் கத்தாஸின் குரல்.

ஒடெத் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் கடையைப் பாதி ஷட்டரில்தான் திறக்கிறாள்; இன்று அதையும் இன்னும் தூக்கவில்லை. ஒலிவக்காரர் ஒருவர் உள்ளே நின்றால் ஊற்றுக்காரர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். காய்ச்சல் மாத்திரைக்கு மலையிறங்கிப் போனாலும் போவார்களே தவிர, அவர் பக்கத்தில் நின்று வாங்க மாட்டார்கள்.

கஃபர் லௌஸ் ஊராட்சித் தேர்தலில் ஒலிவப் பட்டியல், ஊற்றுப் பட்டியல் என்று இரண்டு அணிகள் நின்றன. இரண்டும் ஒரே சாலையைப் போட்டுத் தருவதாகவும், ஒரே தண்ணீர்க் குழாயை மாற்றித் தருவதாகவும்தான் வாக்குக் கொடுத்தன. சுவரொட்டிகளில் கொடியை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று அச்சடித்தவனுக்கே தெரியாது. ஊற்று சொற்ப வாக்கில் ஜெயித்தது. முடிவு வெளியான கையோடு, கடைக்கு எதிரே இருக்கும் மாதா கோயில் சதுக்கத்தில் கூச்சல், தள்ளுமுள்ளு. அதில் ஊற்றுக்காரனான, ஒடெத்தின் கொழுந்தன் ஸமீஹின் மண்டை கல்தொட்டி விளிம்பில் மோதி உடைந்தது. அவனைத் தள்ளியவன் எலியோ. ஒலிவக்காரன் கத்தாஸின் ஒரே மகன்.

ஸமீஹ் ஆஸ்பத்திரியில். எலியோ காவல் நிலையத்தில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒடெத்.

ஷட்டரைத் தூக்கியதும் கத்தாஸ் குனிந்து உள்ளே நுழைந்தான். மூன்று நாள் தாடி. கையில் கைபேசி.

"பாரு. நம்ம பசங்க வீடியோவை மெதுவா ஓடற மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க. பாரு, பாரு... இதோ! கை! ஸமீஹோட கை! என் பையன் சட்டையைப் புடிக்கிறான் பாரு. யாரு முதல்ல கை வெச்சது?"

அந்த வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. யாரோ மாடியிலிருந்து எடுத்தது. கூட்டம், கொடிகள், நடுவில் ஸமீஹின் கை நீள்கிறது, எலியோவின் இரண்டு கைகளும் எழுகின்றன, ஸமீஹ் காணாமல் போகிறான். கால்கள் தெரியவில்லை. கீழே கூட்டம் மறைத்திருந்தது.

"அண்ணே, அவன் சட்டையைப் புடிக்க வரல. விழப் போனான். ஜெனரேட்டர் கேபிள் தூண்ல இருந்து தழையத் தொங்கிச்சே, அது கால்ல மாட்டிச்சு. விழறப்ப எட்டின கைக்கு எலியோ சட்டை கிடைச்சுது. இவன் அடிக்கத்தான் வர்றான்னு நினைச்சுத் தள்ளிட்டான். அவ்வளவுதான். இதே வாசல்ல நின்னு நான் பார்த்தேன்."

"கேபிள்."

"ஆமா, கேபிள்."

"உன் புருஷன் சொல்லச் சொன்னானா?"

"அவனும்தான் நம்ப மாட்டேங்கிறான்!"

"எப்படி நம்புவான்? அவனுக்கு என் பையன் ஜெயிலுக்குப் போகணும். கேபிளை வெச்சு அவன் என்ன பண்ணுவான்?"

"நீ ஏன் நம்ப மாட்டேங்கிற? கேபிள்னா உன் பையன் மேல தப்பே இல்லையே!"

"கேபிள்னா ஸமீஹ் மேலயும் தப்பு இல்லையே!"

சட்டென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனே கொஞ்சம் திகைத்துப்போன மாதிரி இருந்தது. தாடியைச் சொறிந்துகொண்டு அலமாரியைப் பார்த்தான்.

ஒடெத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதே கத்தாஸும் அவள் கணவன் ராமிஸும் ஒரு காலத்தில் மச்சான் மச்சான் என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். சாயங்காலம் ஆனால் தவ்லே என்ற பகடை ஆட்டப் பலகையை நடுவில் போட்டு உட்கார்ந்து, தோற்றவன் காபி போட வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். ராமிஸுக்குத்தான் தங்கையைக் கட்டித் தர வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டவனே கத்தாஸ்தான். பிறகு இரண்டு தரப்பின் பெரிய தலைவர்கள் இருவர் தொலைக்காட்சியில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். மலை முழுக்க வீடுகள் இரண்டாக நின்றன. தலைவர்கள் எப்போதோ சமாதானம் ஆகி, போன கோடையில் ஒரு கல்யாணத்தில் கட்டிப்பிடித்துப் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். கத்தாஸிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது, "அது அரசியல். இது மானம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக் காலைல கேஸ் மேல போயிடும்," என்றான் இப்போது, குரலைத் தாழ்த்தி. "ஸமீஹ் புகார் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா மத்தியானத்துக்குள்ள பையன் வீட்டுக்கு வந்துடுவான். இல்லன்னா கீழே நகரத்து ஜெயில். அடுத்த வாரம் லியோனுக்குப் போகணும் ஒடெத். காலேஜ்ல இடம், விசா, டிக்கெட் எல்லாம் கையில இருக்கு. கேஸ் இருந்தா ஏர்போர்ட் வாசலையே தாண்ட முடியாது."

"தெரியும்ண்ணே."

"அவங்க எழுதித் தரப் போறதில்ல. அதனால நீ வாக்குமூலம் கொடு. நாளைக்கு அதிகாரி உன்னைக் கூப்பிட்டிருக்கார் இல்ல? ஸமீஹ் முதல்ல கை வெச்சான்னு சொல்லு. பொய் சொல்லுன்னா சொல்றேன்? வெச்சானா இல்லையா?"

"வெச்சான், ஆனா..."

"அந்த ஆனா வரைக்கும் போகாதே. 'வெச்சான்'லயே நிறுத்து."

போகும்போது ஷட்டருக்கு அடியில் குனிந்தவன், அப்படியே நின்று திரும்பிப் பார்த்தான்.

"எலியோவுக்குப் பல் முளைக்கிறப்ப ராத்திரி பூரா தூக்கிட்டு நடந்தவ நீதான். மறந்துடாதே."

*

மதியம் வீட்டில் ராமிஸ் சாப்பிடவில்லை. கிஷ்க் சூப் ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. அவன் மடிக்கணினியின் திரையில் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து அளந்துகொண்டிருந்தான்.

ராமிஸ் மேல்நிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியர். நிதானமானவன், நியாயஸ்தன் என்று பெயர் எடுத்தவன். அதுதான் ஒடெத்துக்குப் பெரிய பயமாக இருந்தது. கத்தாஸ் கத்துவான். கத்துகிறவனை ஒரு நாள் களைத்துப் போக விடலாம். இவன் நிரூபிப்பான்.

"இங்க வா. இதைப் பாரு." திரையில் வீடியோ உறைந்து நின்றது. அதன்மேல் சிவப்பு அம்புகள் போட்டிருந்தான். "நிலை தடுமாறி விழறவனோட உடம்பு எடை முன்னால சாயும். சரியா? ஸமீஹோட தோள் சாயல. அப்போ அவன் விழல. நின்னுட்டு இருந்தான். கையை நீட்டி 'நில்லுப்பா'ன்னு சமாதானம் சொல்றான். எலியோவோட கை பாரு. விரல் மடங்கி முஷ்டியா இருக்கு. தள்ளறவன் விரலை விரிச்சு வைப்பான். இது குத்து."

"ராமிஸ், நீ அங்க இருந்தியா?"

"இல்ல. அதனாலதான் எனக்குத் தெளிவாத் தெரியுது."

ஒடெத் அவனையே பார்த்தாள். அவன் கேலிக்குச் சொல்லவில்லை.

"நீ பதட்டத்துல இருந்த. பதட்டத்துல மனசு எதை எதையோ இட்டுக்கட்டும். உனக்கு உன் அண்ணன் மகன் நல்லவனா இருக்கணும், என் தம்பியும் நல்லவனா இருக்கணும். ரெண்டு பேரும் நல்லவங்கன்னா நடுவுல ஒரு கேபிள் வேணுமில்ல? உன் மனசு ஒரு கேபிளைக் கொண்டுவந்து போட்டுடுச்சு. இது உன் தப்பு இல்லம்மா."

எவ்வளவு அன்பாகச் சொன்னான்! அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

"எலியோவுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றாள். "லியோன்ல இடம் கிடைச்சப்ப 'என் மாணவன்'னு ரொட்டிக் கடையில எல்லாருக்கும் மனாயிஷ் ரொட்டி வாங்கிக் கொடுத்தது யாரு?"

ராமிஸ் கோணமானியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அப்பவே அவன்கிட்ட ஒரு மூர்க்கம் இருந்துச்சு. நான் கவனிச்சிருக்கேன்."

"எப்ப கவனிச்சே?"

"கணக்கு தப்பாப் போனா பென்சிலை உடைப்பான்."

"நீயும்தான் உடைப்பே!"

அவன் வீடியோவை மறுபடி ஓட்டினான். கை நீள்கிறது, கைகள் எழுகின்றன, ஸமீஹ் காணாமல் போகிறான். மறுபடி. இன்னும் பெரிதாக. மறுபடி.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு நொடி ஒடெத்தின் கண்ணுக்கு எலியோவின் கை முஷ்டியாக மடங்கியே தெரிந்தது. குத்து. சந்தேகமே இல்லாத குத்து.

அவள் வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். காலையில் அண்ணனின் கைபேசியில் பார்த்தபோது ஸமீஹின் விரல்கள் சட்டையைக் கவ்விய மாதிரி இருந்ததும் நினைவுக்கு வந்தது. கேபிள்? அது எந்தப் பக்கம் தொங்கியது? தூணுக்கு வலதா, இடதா? கறுப்பா, சாம்பல் நிறமா? ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று இருந்தது, இப்போது நீரில் கரைந்த மாதிரி இருந்தது.

"நாளைக்கு நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்," என்றான் ராமிஸ். "என்ன தோணுதோ சொல்லு. ஆனா கேபிள் கதையை மட்டும் வேண்டாம். ஊர் சிரிக்கும். என் தம்பி ரத்தம் சிந்தினது ஒரு ஒயருக்காகன்னு ஆயிடும்."

ஒடெத் கார் சாவியை எடுத்தாள்.

*

சதுக்கத்தில் யாரும் இல்லை. கிழிந்த கொடிகள் கல்தொட்டியில் மிதந்தன. ஒடெத் தூணைச் சுற்றி வந்தாள்.

கேபிள் தொங்கவில்லை. தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், புத்தம் புதிய வெள்ளைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

ஊருக்கு ஜெனரேட்டர் மின்சாரம் விற்கும் தூமித்துக்கு அங்கேயே நின்று போன் போட்டாள்.

"எந்தக் கேபிள்ம்மா? என் கேபிளெல்லாம் எப்பவும் மேலதான்."

"புதுசா கட்டியிருக்கு தூமித். பட்டை பளபளன்னு இருக்கு."

"அது வருஷா வருஷம் கட்டறதுதான்." சற்று நிறுத்தினார். பிறகு குரல் மாறியது. "இங்க பாருங்கம்மா. எனக்கு ஒலிவ வீடும் வாடிக்கை, ஊற்று வீடும் வாடிக்கை. ரெண்டு பேரும் ஒருத்தன் மேல ஒருத்தன் பழி போட்டுக்கறாங்க. என்னை யாரும் கேக்கல. நீங்க ஏன் கேக்கறீங்க?"

போன் துண்டிக்கப்பட்டது. ஒடெத் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கேபிள் தொங்கியிருந்தது என்று இப்போது உறுதியாயிற்று. அதைச் சொல்ல ஊரில் அவளைத் தவிர ஆள் இல்லை என்பதும் உறுதியாயிற்று.

இன்னொருவன் இருக்கிறானே என்று அப்போதுதான் தோன்றியது. விழுந்தவன்! தன் கால் எதில் மாட்டியது என்று அவனுக்குத் தெரியாமலா போகும்? இத்தனை பேர் வீடியோவைப் பார்க்கிறார்களே, ஸமீஹை யாராவது கேட்டார்களா?

அவள் காரை ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

*

ஸமீஹின் அறையைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தாழ்வாரம் முழுக்க ஊற்றுக்காரர்கள். யாரோ காபிக் கெண்டியோடு அலைந்தார்கள். சாக்லேட் தட்டு கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவன் கைபேசியிலும் தலையில் கட்டுப் போட்ட ஸமீஹின் படம்.

"வழி விடுங்கப்பா, நம்ம ஹீரோவோட அண்ணி!" என்றான் ஒருவன்.

"அண்ணி சரி. யாரோட தங்கச்சியாம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது. சிலர் சிரித்தார்கள். ஒடெத் கேட்காத மாதிரி உள்ளே போனாள்.

கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் நெருக்கியடித்துப் போடப்பட்டிருந்தன. ஜன்னல் திண்டிலும் இருவர். புதிதாக ஜெயித்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர் ஸமீஹின் கையைப் பிடித்தபடி, "உன் ரத்தத்துக்கு விலை வாங்காம விட மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையணையில் சாய்ந்திருந்த ஸமீஹின் முகம் வெளிறியிருந்தாலும் கண்கள் மின்னின. அவனை இவ்வளவு அழகாக ஒடெத் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க. கட்டைப் பார்க்கணும்," என்றாள், மருந்துக்கடைக் குரலில். அந்தக் குரலுக்கு ஊர் பழகியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

"வலிக்குதா?"

"திரும்பினா வலிக்குது அண்ணி. திரும்பலன்னா ஒண்ணுமில்ல."

"அப்போ திரும்பாதே." கட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். தையல் நன்றாகத்தான் இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஸமீஹ், எலியோவை நாளைக்குக் கீழே ஜெயிலுக்குக் கொண்டுபோறாங்க."

அவன் கண்ணின் மினுக்கம் கொஞ்சம் தணிந்தது.

"சாப்பிடறானா?"

"அவங்கம்மா கொடுத்து விட்டதெல்லாம் அப்படியே திரும்பி வருது."

ஸமீஹ் போர்வையின் நூலை இழுத்தான்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அண்ணன் சொன்னது, ஊர் சொன்னது, வீடியோ, எல்லாத்தையும் விடு. உன் காலைக் கேக்கறேன். எதுல மாட்டிச்சு?"

வெளியே யாரோ உரக்கச் சிரித்தார்கள். ஸமீஹ் கதவைப் பார்த்தான். மூடியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"கேபிள்," என்றான்.

ஒடெத்துக்கு மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது.

"இந்தக் கணுக்கால்ல. இன்னும் தடம் இருக்கு, பாருங்க." போர்வையை விலக்கிக் காட்டினான். கன்றிப்போன ஒரு கோடு. "விழறப்ப கைக்கு எது கிடைச்சுதோ அதைப் புடிச்சேன். எலியோ சட்டைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பயந்துட்டான் பாவம். தள்ளினதும் 'மாமா'ன்னு கத்தினான். அது காதுலயே நிக்குது."

"அப்போ சொல்லிடு ஸமீஹ்! இப்பவே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. நான் நேரா காவல் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு நானும் இதையேதான் சொல்லப் போறேன். நாம ரெண்டு பேரும் சொன்னா யாரால மறுக்க முடியும்?"

அவள் கைப்பையில் பேனாவைத் தேடினாள். அவசரத்தில் பேனா கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது ஸமீஹ் போர்வையை இழுத்துக் கணுக்காலை மூடியிருந்தான்.

"ஸமீஹ்?"

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. கையெழுத்தெல்லாம் வேண்டாம்."

"ஏன்? யாராவது மிரட்டினாங்களா? அந்த உறுப்பினரா? ராமிஸா?"

"ஐயோ, இல்ல. எல்லாரும் ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க."

"பின்ன என்ன? சின்னப் பையன்டா அவன். உன் கையைப் புடிச்சு நடந்தவன். அவன் வாழ்க்கையே போயிடும். அது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"உனக்கு அவன் மேல கோபமா?"

"எனக்கென்ன கோபம்." அவன் குரல் உடைந்தது. கண்ணீர் காதோரம் வழிந்து கட்டுத் துணிக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை, திரும்பினால் வலிக்குமே.

கதவு தட்டப்பட்டது. "முடிஞ்சுதா அண்ணி? காபி ஆறுது, ஹீரோ காத்திருக்கார்!" என்று யாரோ கூவினார்கள். தாழ்வாரத்தில் கைதட்டல் எழுந்து அடங்கியது.

ஸமீஹ் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, கட்டிலைச் சுற்றிக் காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"கட்டினவ நஹீதா என்னை விட்டுப் போனப்புறம் என் வீட்டுக் கதவை ஒருத்தர் தட்டினதில்ல அண்ணி. இப்போ நாற்காலி பத்தல. வெறும் கேபிள்தான்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு இதுல எவன் வந்து உக்காருவான்?"